மதகு திறக்கும் வரை: டிஸ்கோ எலிஸியம் ஆட்டக் குறிப்புகள்

கதையை முன்னிறுத்தும் ரோல்-பிளேயிங் கேம்களில் டிஸ்கோ எலிஸியம் தனி ரகம். 2019இல் வெளிவந்த இந்த கேமில் வாள்வீச்சு கிடையாது. எதிரிகளைக் கொன்று புள்ளி சேர்க்கும் வேலையும் கிடையாது. ரெவச்சோல் என்ற கற்பனை நகரத்தின் மார்ட்டினெய்ஸ் பகுதியில், குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளராகக் கண் விழித்து, தங்கியிருக்கும் விடுதியின் பின்முற்றத்தில் ஏழு நாட்களாகத் தூக்கில் தொங்கும் உடலைப் பற்றி விசாரிப்பதுதான் ஆட்டம். அதில் பெரும்பகுதி பேச்சுதான். நமக்குள்ள வேலை பொறுமையாகப் படிப்பதும், பதிலைத் தேர்ந்தெடுப்பதும். எல்லா உரையாடல்களுக்கும் குரல் சேர்த்து 2021இல் வந்த ஃபைனல் கட் பதிப்பை ஆடி, கதையின் மூன்றாம் நாளுக்கு வந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குவோருக்கு உதவக்கூடியவற்றை, முடிச்சுகளை அவிழ்த்துவிடாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

பாத்திரத்தை உருவாக்கும் திரையில் இன்டெலெக்ட் (அறிவு), சைக்கி (மனம்), ஃபிசிக் (உடல்வலு), மோட்டோரிக்ஸ் (உடல் லாகவம்) என்று நான்கு பண்புகள் உள்ளன. மொத்தம் 12 புள்ளிகளை அவற்றுக்கிடையே பிரிக்க வேண்டும்; எதற்கும் 1க்குக் குறையாமலும் 6ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பண்பின் கீழும் ஆறு ஸ்கில்கள் (திறன்கள்) என மொத்தம் 24. பண்புக்குக் கொடுக்கும் எண், அதன் கீழுள்ள ஸ்கில்களின் தொடக்க அளவாக மட்டுமன்றி, பின்னால் அவற்றை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கான வரம்பாகவும் அமைவதால், இந்த முடிவை அவசரமாக எடுக்கக் கூடாது. நான்கிலும் மூன்று மூன்றாக வைப்பது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட துப்பறிவாளருக்கு எதிலும் அழுத்தம் இராது, பேச்சும் சப்பென்று போய்விடும் என்பது என் கருத்து. நான் சைக்கிக்கு 5, ஃபிசிக்குக்கு 3, மற்ற இரண்டுக்கும் தலா 2 என்று வைத்து, சிறப்பு ஸ்கில்லாக எம்பதியைத் தேர்ந்தெடுத்தேன். எதிரே இருப்பவர் வாயால் சொல்வது ஒன்றாகவும் மனத்தில் இருப்பது வேறாகவும் இருக்கும் இடங்களில் இந்த ஸ்கில் தானாகவே குறுக்கிட்டுக் குறிப்புத் தருவதால், விசாரணைக்கு அது மிகவும் கைகொடுக்கிறது.

ஃபிசிக்கை அடியோடு குறைத்துவிட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. உடல்நலத்தின் அளவை ஃபிசிக்கின் கீழுள்ள என்ட்யூரன்ஸ் ஸ்கில்லும், மன உறுதியின் அளவை சைக்கியின் கீழுள்ள வொலிஷன் ஸ்கில்லும் தீர்மானிக்கின்றன. இரண்டில் எது பூஜ்யமானாலும் ஆட்டம் முடிந்துவிடும். ஃபிசிக் 1 உள்ள பாத்திரம், முதல் அறையில் மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கும் கழுத்துப்பட்டையைப் பறிக்கப் போய், அறையைவிட்டு வெளியேறும் முன்பே மாரடைப்பில் இறந்துபோகலாம். பூஜ்யத்தைத் தொட்டதும் மருந்தைச் செலுத்தச் சில நொடிகள் தரப்படுகின்றன என்பதால், உடலுக்கும் மனத்துக்குமான மருந்துகளில் தலா ஒன்றையாவது எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும்.

இனி, நான் அதிக நேரம் செலவிட்டு ஆராய்ந்த பகடைக் கணக்கு. ஒரு செயல் பலிக்குமா என்பதைப் பகடையால் தீர்மானிக்கும் இடத்தைத்தான் சோதனை என்கிறேன். ஒவ்வொரு சோதனையிலும் ஆறு முகப் பகடைகள் இரண்டு உருட்டப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகையுடன் நம் ஸ்கில்லின் அளவு சேர்க்கப்படுகிறது; அது சோதனையின் கடின எண்ணைத் தொட்டால் வெற்றி. இரண்டும் ஆறாக விழுந்தால் எப்படியும் வெற்றி, இரண்டும் ஒன்றாக விழுந்தால் எப்படியும் தோல்வி. எனவே வாய்ப்பு 3 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதோ 97ஐத் தாண்டுவதோ இல்லை. கடினம் 12 உள்ள சோதனைக்கு நம் ஸ்கில் 4 என்றால், பகடையில் 8 விழ வேண்டும்; 36 வகைகளில் 15 நமக்குச் சாதகம், அதாவது ஏறத்தாழ 42 சதவீதம். ஸ்கில்லை ஒன்றே ஒன்று உயர்த்தினால் 7 போதும்; வாய்ப்பு 58 சதவீதமாகிவிடும். அதே ஒரு புள்ளியை, 12 விழ வேண்டிய இடத்தில் போட்டால் 3 சதவீதம் 8 ஆகும், அவ்வளவுதான். தேவையான எண் 7, 8 என்று நடுவில் இருக்கும்போதுதான் ஒரு புள்ளிக்கு முழு மதிப்பு கிடைக்கிறது. சோதனையின் மீது மவுஸை வைத்தால் சதவீதமும், முன்பு நாம் கண்டறிந்த செய்திகளால் கூடிய அல்லது குறைந்த எண்களும் வரிசையாகத் தெரியும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் பகடையை உருட்டுவது புள்ளியை வீணாக்குவதற்குச் சமம்.

சோதனைகளில் வெள்ளை, சிவப்பு என்று இரு வகை. வெள்ளையில் தோற்றால் அது பூட்டிக்கொள்ளும். அந்த ஸ்கில்லில் ஒரு புள்ளி சேர்த்தாலோ, சூழ்நிலை மாறினாலோ மறுபடி திறக்கும். 100 அனுபவப் புள்ளிகளுக்கு ஒரு ஸ்கில் புள்ளி கிடைக்கிறது. கிடைத்த உடனே செலவிடாமல் ஒன்றிரண்டைக் கையில் வைத்திருப்பவருக்கு, பூட்டிய வெள்ளைச் சோதனை ஒரு பொருட்டே அல்ல. உடைகளும் ஸ்கில் எண்ணைக் கூட்டிக் குறைப்பதால், சோதனைக்கு முன் சட்டையையும் தொப்பியையும் மாற்றிக்கொள்வது பழகிப்போய்விடும். புகைத்தால் இன்டெலெக்ட் சிறிது நேரத்துக்கு உயரும், குடித்தால் ஃபிசிக் உயரும். ஆனால் முன்னது உடல்நலத்தையும் பின்னது மன உறுதியையும் தின்னும்.

சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்புதான். தோற்றதும் பழைய சேமிப்பை ஏற்றத்தான் கை போகும். உரையாடலின் நடுவே சேமிக்க இயலாது என்பதால், முக்கியமானவரிடம் பேசும் முன் சேமித்துக்கொள்வது நல்லதே. ஆயினும் ஒவ்வொரு தோல்விக்கும் திரும்பிப் போகிறவர், இந்த கேமின் நல்ல பக்கங்கள் பலவற்றைப் படிக்காமலேயே விட்டுவிடுவார். பின்முற்றத்து உடலை நெருங்கும்போது நாற்றத்தைத் தாங்க ஓர் என்ட்யூரன்ஸ் சோதனை வருகிறது. அதில் தோற்றால் நம் துப்பறிவாளர் வாந்தி எடுக்கிறார். அருகே நின்றுகொண்டு அதைப் பார்க்கும், வழக்கில் நம் கூட்டாளியான கிம் கிட்சுராகியின் நிதானம், கற்களுடன் நிற்கும் சிறுவன் குனோவின் கேலி என்று எல்லாம் சேர்ந்து, வென்றிருந்தால் கிடைத்திருக்கும் வரிகளைவிடச் சுவையாகவே இருக்கிறது. உயிர் போகும் தோல்வியைத் தவிர மற்றவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு நகர்வது என்பதே நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி.

தலைக்குள் பேசும் ஸ்கில்களின் குரலை முழுதாக நம்பிவிடவும் கூடாது. எலக்ட்ரோகெமிஸ்ட்ரி குடிக்கச் சொல்லும், அத்தாரிட்டி எதிரே நிற்பவரை அடக்கச் சொல்லும். அவை ஒவ்வொன்றும் தன் குணத்துக்கேற்ப யோசனை சொல்கின்றனவே தவிர, வழக்கு முடிய வேண்டும் என்ற கவலை அவற்றுக்கு இல்லை. ஐயம் வந்தால் கிம் எப்படிப் பார்க்கிறார் என்று கவனிப்பது நல்ல வழி. அவர் புருவத்தை உயர்த்தினாலே பெரும்பாலும் போதும்.

ஆட்டத்தின் கடிகாரம் பேசும்போதும் படிக்கும்போதும் மட்டுமே நகரும். நடப்பதற்கும் ஓடுவதற்கும் நேரம் கழியாது என்பதால், ஊரைச் சுற்றிப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை. டேப் விசையை அழுத்தினால் தொடக்கூடிய பொருள்கள் ஒளிரும். தொடக்கத்தில் பணத்தட்டுப்பாடு இருக்கும். விடுதி மேலாளர் கார்ட் பாக்கியைக் கேட்டு விடாமல் நச்சரிப்பார். ஒரு பிளாஸ்டிக் பை கிடைத்துவிட்டால் தெருவில் கிடக்கும் காலிப் புட்டிகளைப் பொறுக்கிக் கடையில் விற்கலாம். துப்பறிவாளருக்கு அது கௌரவக் குறைவுதான், ஆனால் காசு வருகிறது.

தாட் கேபினெட் என்ற பகுதியைப் புதியவர்கள் பலர் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். உரையாடல்களில் கிடைக்கும் எண்ணங்களை அங்கே இட்டு வைத்தால், ஆட்ட நேரம் கழியக் கழிய அவை முதிர்கின்றன. முதிரும் வரை சில ஸ்கில்கள் குறையலாம். முடிவில் என்ன பலன் என்பது முன்கூட்டியே தெரியாது. ஓர் எண்ணத்தை மறக்கவும், புதிய இடத்தைத் திறக்கவும் தலா ஒரு ஸ்கில் புள்ளி செலவாகும். ஆகவே முதல் இடங்கள் நிரம்பிய பிறகே புதிதாகத் திறப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.

முதல் இரண்டு நாட்களில், ஊரின் கால்வாயில் உள்ள மதகைத் தாண்டி மறுகரைக்குப் போக வழியே இல்லை. எதையோ விட்டுவிட்டோம் என்று அங்கேயே தேடி அலைய வேண்டாம். அது பழுது பார்க்கப்பட்டு மூன்றாம் நாளில் தானாகவே திறக்கிறது. இப்போது அது திறந்திருக்கிறது, கையில் இரண்டு புள்ளிகள் மிச்சம் இருக்கின்றன. விடுதிப் பக்கம் பூட்டிக்கிடக்கும் எம்பதி சோதனை ஒன்றில் தேவையான எண் இன்னும் 8 என்றே காட்டுவதால், ஒரு புள்ளியை அதற்குக் கொடுத்துவிட்டுக் கிம்முடன் மறுகரைக்குப் போகப் போகிறேன்.