அப்பாவின் கேள்விகளோடு பனிமலைக்கு

ஜனவரி 15, 2025, திருகோணமலை

நேற்றுப் பொங்கல். இன்றிரவு ரயிலில் கொழும்பு, அங்கிருந்து சுவிஸில் அக்கா வீடு. பனிமலை ரயிலில் போகப் போகிறோம் என்றதும் அப்பா என் கொப்பியை வாங்கி எழுதித் தந்தார்: தண்டவாள அகலம் எவ்வளவு? ஏற்றம் எவ்வளவு? பனியை எப்படி அகற்றுகிறார்கள்? கல்ஓயா ரயில் சந்தியில் பல வருடம் வேலை பார்த்தவர். முழங்கால் விட்டிருந்தால் அவரையே கூட்டிப் போயிருப்பேன்.

ஜனவரி 18, சென்ட் மோரிட்ஸ்

கூர் என்ற சுவிஸ் நகரத்திலிருந்து ஏறினோம். லண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம். வளைந்துகொண்டே போய், முடியும் இடத்தில் நேராகப் பாறைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. சரியான குளிர், கை எழுத மறுக்கிறது.

ஜனவரி 19, திரானோ

காலையில் பெர்னினா பாதை, ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியின் திரானோவுக்கு இறங்கும் ரயில்பாதை. பெட்டி முழுக்க வெளிச்சம். வெளியே வேலி, கூரை, மரம் எல்லாம் பனிக்குள். கண்ணாடி ஓரத்தில் பூத்திருந்த உறைபனியை நகத்தால் சுரண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அக்கா யன்னலைக் கொஞ்சம் இறக்கினா. உள்ளே பறந்து வந்த பனி ஈரமாகவே இல்லை, அரித்தெடுத்த அரிசிமா மாதிரி உள்ளங்கையில் நின்றது. பிறகுதான் கரைந்தது.

கணவாயின் உச்சியில் இருக்கும் ஒஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தில் இறங்கி நின்றோம். 2,253 மீட்டர் உயரம். ஏரி உறைந்து, எது கரை எது தண்ணீர் என்று தெரியவில்லை. இந்த இடத்தில் மழைநீர் பிரிகிறது: வடக்கே விழுந்தது கருங்கடலுக்கு, தெற்கே விழுந்தது அத்ரியாத்திக் கடலுக்கு. அங்கிருந்தே அப்பாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"அகலம் ஒரு மீட்டர்தான், அப்பா. அதனால்தான் இவ்வளவு இறுக்கி வளைக்க முடிகிறது."

"ஏற்றம்?"

"நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர். தண்டவாள நடுவில் பற்றி ஏறும் பல்சக்கரம் இல்லை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்கட மலைநாட்டில 44-க்கு 1. இது 14-க்கு 1. பல்லில்லாமலா ஏறுது?"

பனிக்கு, முன்னால் சுழலும் சக்கரம் பூட்டிய வண்டி. பனியை அள்ளிப் பக்கவாட்டில் வீசிவிடும். பாதை முழுமையாகத் திறந்த 1910-இலேயே நீராவியில் ஓடும் அப்படியொரு வண்டி செய்தார்கள், அதை இன்றும் பேணுகிறார்கள் என்றேன். அதைத்தான் அவர் இரண்டு தரம் கேட்டார்.

பிறகு இறக்கம். புரூசியோவில் ரயில் வெளியிலேயே ஒரு வட்டமடித்து, தான் வந்த பாலத்துக்கு அடியால் போகிறது. எங்கட மலைநாட்டில் இப்படியே வட்டமடிக்கும் தெமோதரைப் பாதை நினைவுக்கு வந்தது. திரானோ 429 மீட்டர், பனியையே காணோம்.

ஜனவரி 27, திருகோணமலை

விடிய வந்து சேர்ந்தேன். சீனக்குடாவில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அப்பா திண்ணையில் காத்திருந்தார். படங்களைப் பிறகு பார்ப்போம், சத்தம் பிடித்தாயா என்றார். வளைவுகளில் சில்லு கிறீச்சிடுவதைப் போனில் பதிந்திருந்தேன். காதோடு வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"இதில பிரேக் பிடிச்சிட்டான்."

நேரத்தைப் பார்த்தேன். அது, கணவாயைத் தாண்டி இறங்கத் தொடங்கிய இடம்.