ஆயுதம் இழந்த கடவுளர்

பழைய ஜெர்மன் பீங்கான் உருவங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்துசேரும் ரோமானியக் கடவுளர் பெரும்பாலும் நிராயுதபாணிகள். கடல் கடவுள் நெப்டியூனின் திரிசூலமும் மெர்க்குரியின் பாம்பு சுற்றிய கோலும் கியூபிட்டின் வில்லும் எப்போதோ முறிந்து தொலைந்திருக்கும். ஆகவே என் வேலை பெரும்பாலும் ‘இவர் யார்?’ என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. வாகனத்தைக் கொண்டு சாமியை அறிகிற நம்மூர்ப் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. காலடியில் கழுகு என்றால் ஜூபிடர், மயில் என்றால் ஜூனோ, மூன்று தலை நாய் என்றால் புளூட்டோ. மயிலைக் கண்டதும் மனம் முருகனிடம் ஓடுவதைத்தான் தடுக்க முடியவில்லை.

இவற்றை யாரும் கும்பிடவில்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியை ஆண்ட இரண்டாம் அகஸ்டஸ் 1710இல் நிறுவிய மைசன் பீங்கான் ஆலையில், 1731இல் சேர்ந்த சிற்பி கேண்ட்லரும் அவருடைய உதவியாளர்களும் வடித்த கடவுளரில் பலர் விருந்து மேசைக்குப் போனவர்கள். கடைசியில் இனிப்பு பரிமாறும்போது மேசை நடுவே சர்க்கரைச் சிற்பங்களை நிறுத்துவது அரண்மனை வழக்கம். மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பீங்கான் பிடித்துக்கொண்டது. வீனஸின் முகத்தில் தெய்வக்களையைவிடக் குறும்பு மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

உருவத்தின் முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பிடிக்கும். நிற்கும் கடவுளுக்குப் பின்னால் அநேகமாக ஓர் அடிமரம் இருக்கும். ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸ் சூட்டில் பீங்கான் இளகும். வெந்து முடிவதற்குள் ஆறில் ஒரு பங்கு சுருங்கியும் விடும். அந்த நிலையில் இரண்டு மெல்லிய கணுக்கால்கள் உடலைத் தாங்குவது கடினம். அதற்காகத்தான் அந்த முட்டு. அதன்மேல் இலையும் பூவும் ஒட்டி அதையே அழகாக்கிவிட்டார்கள்.

உடலும் ஒரே அச்சில் வருவதில்லை. தலை, கை, கால் எல்லாம் தனித்தனி அச்சில் எடுக்கப்பட்டு, ஈரம் காயுமுன் களிமண் குழம்பால் ஒட்டப்படுகின்றன. ஒட்டியவரின் கைப்பாங்கைப் பொறுத்துத் தலையின் சாய்வும் விரலின் வளைவும் மாறும். என் தயக்கமெல்லாம் இங்கேதான். அதே மாதிரியில் செய்த இன்னொரு நெப்டியூனைப் பார்த்துத் திரிசூலம் செய்துவிடலாம். ஆனால் அவருடைய கை இவருடைய கை அல்ல.

பழைய பீங்கானை மறுபடி சூளையில் வைப்பது ஆபத்து. பிசினும், சூளையில் சுடத் தேவையில்லாத குளிர்நிலை வண்ணமும்தான் வழி. எனக்கு முன்பு பழுதுபார்த்தவர்கள் ஒட்டு தெரியக்கூடாது என்று நல்ல மேற்பரப்பிலும் வண்ணம் பூசிவிடுவார்கள். புறஊதா விளக்கின்கீழ் அந்தப் பூச்சு தனியாக ஒளிரும். ஒரு விரலின் ஒட்டுக்காக முழங்கைவரை மறைத்ததும் தெரிந்துவிடும். உடைந்ததைவிட இந்தப் பூச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. அதைக் கரைத்து எடுப்பதிலேயே பாதி நேரம் போகிறது.

உரிமையாளர்கள் திரிசூலம் கேட்பார்கள். காலடியில் டால்பின் இருக்கிறதே, அவரை யாரும் வேறொருவராக நினைக்கமாட்டார்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். பிடிவாதமாக இருந்தால் கழற்றி எடுக்கக்கூடியதாகச் செய்துகொடுத்து, எது புதியது என்று படத்தோடு எழுதி ஒரு தாளையும் சேர்த்துக் கொடுக்கிறேன். அடுத்த விற்பனையில் திரிசூலம் நிச்சயம் கூடவே போகும். தாள் போகுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.