நம்ம ஆட்சியை நாமே கேட்டால்

மாமா என்னோடு பேசி ஏழு மாதமாகிறது. போன மழையில் வடசென்னையில் எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் நிற்பது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் இந்தத் தடவை வடிகால் புதிதாகக் கட்டி முடித்த பிறகும் நின்றது. மூன்றாவது நாள் கட்சிக்காரர்கள் பால் பாக்கெட்டோடு வந்தபோது, தெருவே கூடி நிற்க, நான் வாய்விட்டுக் கேட்டேன்: வடிகால் கால்வாயில் போய்ச் சேரவே இல்லையே, நடுவில் இருபதடி வெறும் மண்ணாகக் கிடக்கிறதே, ஏன்? பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் மாமாவும் ஒருவர். கையிலிருந்த பாக்கெட்டை அடுத்த வீட்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நடந்து போய்விட்டார்.

அம்மாவின் தம்பி அவர். நாற்பது வருடக் கட்சிக்காரர். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம், கரை எந்த நிறமாக இருந்தாலும் இப்படி ஒரு மாமா எல்லார் வீட்டிலும் இருப்பார். போஸ்டருக்குப் பசை காய்ச்சியதிலிருந்து பூத்தில் ஏஜென்ட்டாக உட்கார்ந்தது வரை எல்லாம் செய்தவர், கட்சியால் ஒரு பைசா பார்க்காதவர். சாயந்திரம் அம்மாவிடம் போனில் சொன்னாராம்: "வெறும் வாயை மெல்றவனுக்கு உன் பையன் அவலை அள்ளிக் குடுத்துட்டான்கா." எனக்கு அதுதான் தாங்கவில்லை. நானும் அதே சின்னத்தில்தான் ஓட்டுப் போட்டேன். போட்டதால்தான் கேட்டேன்.

எனக்குக் கிண்டியில் நைட் ஷிப்ட் வேலை. மியாமி ஆபீஸிலிருந்து தினமும் லைனில் வரும் பெண்மணி கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டுக்காரர், வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசுவோம். மாமா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் 2004-இலிருந்து முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லையாம். காரணம், அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்த அரிஸ்டீட். இத்தனைக்கும் 1990 தேர்தலில் ரெண்டு பேருமே அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்.

ழான்-பெர்ட்ரான் அரிஸ்டீட் ஏழைகள் நடுவே பிரசங்கம் செய்த பாதிரியார். துவாலியே குடும்பத்தின் 29 வருட சர்வாதிகாரம் 1986-இல் ஒழிந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கி ஜெயித்தார். அந்த இயக்கத்துக்கு லவலாஸ் என்று பெயர். அந்த நாட்டு ஜனங்கள் பேசும் கிரியோல் மொழியில் அதற்கு வெள்ளம் என்று அர்த்தம், எல்லாக் குப்பையையும் அடித்துக்கொண்டு போகிற வெள்ளம். 1991 பிப்ரவரியில் பதவியேற்றவரை செப்டம்பரிலேயே ராணுவம் விரட்டியது. 1994-இல் திரும்பி வந்தார், 2000-இல் மறுபடி ஜெயித்தார். 2004 பிப்ரவரி 29 அன்று அமெரிக்க விமானத்தில் நாட்டை விட்டுப் போனார். என்னைக் கடத்திவிட்டார்கள் என்று அவர் சொன்னார், அமெரிக்கா மறுத்தது.

இந்த ரெண்டாவது ஆட்சியில் அரிஸ்டீட் பெயரைச் சொல்லி ஆயுதம் ஏந்திய கும்பல்கள் தெருவில் திரிந்தன. அதைத் தட்டிக் கேட்டவர் அந்தப் பெண்மணியின் அப்பா. கேட்காதே என்றவர் சித்தப்பா. நான் முதலில் அப்பா பக்கம்தான் சாய்ந்தேன், ஆனால் சித்தப்பாவின் பயம் வெறும் கட்சி வெறி இல்லை. 1804-இல் அடிமைத்தளையை அறுத்து பிரான்ஸிடமிருந்து சுதந்திரம் வாங்கிய நாடு அது. 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கட்டு என்று மிரட்டியது. தொகை பிற்பாடு 9 கோடியாகக் குறைந்தது, ஆனால் அதற்காக வாங்கிய கடனையும் வட்டியையும் 1947 வரை கட்டினார்கள். நடுவில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை உட்கார்ந்திருந்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று 2003-இல் பிரான்ஸைக் கேட்டவர் அரிஸ்டீட், அடுத்த வருடமே பதவி போயிற்று. இப்படி ஒரு நாட்டில் சொந்தத் தலைவரைக் குறை சொல்லும்போது, வெளியே யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் தோன்றும். அப்பா சொன்ன அதே குறைகளை, 1991-இல் அவரை விரட்டியவர்களும் சொன்னார்கள். ரெண்டு குரலையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள் என்று அப்பா இன்றும் புலம்புவாராம்.

ஆனாலும் ழான் டொமினிக்கை நினைத்தால் என்னால் சித்தப்பா பக்கம் போக முடியவில்லை. பெரிய மனிதர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்த ஊரில், சாதாரண ஜனங்களின் கிரியோலில் செய்தி சொன்ன வானொலிக்காரர். 1980-இல் துவாலியே அரசு நிலையத்தை மூடி அவரை நாட்டை விட்டு ஓடவைத்தது. 1986-இல் திரும்பியபோது விமான நிலையத்தில் ஜனக்கடல். லவலாஸ் அவருடைய சொந்தப் பக்கம், ஜனாதிபதி ரெனே ப்ரெவால் அவருக்கு நண்பர். அப்படியிருந்தும் 1999 அக்டோபரில், தன் பக்கத்திலேயே அதிகாரத்துக்கு அலைந்த ஒருவரைப் பெயர் சொல்லி வானொலியில் கண்டித்தார். 2000 ஏப்ரல் 3 காலையில், நிலையத்தின் வாசலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். ஆட்சியில் இருந்தது அவர் நண்பர்தான், வழக்கோ வருடக்கணக்கில் இழுத்தது. டொமினிக் வேளாண்மை படித்தவர், விவசாயிகளுக்காகப் பேசியவர். சாம்பலை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கரைத்தார்கள், அங்கேதான் நெல் விளைகிறது. அவரை எதிரிக்கு அவல் கொடுத்தவர் என்று யாராவது சொன்னால் என் வயிறு எரியும்.

2018 ஆகஸ்டில் ஹைட்டி இளைஞர் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஓர் அட்டையைப் பிடித்தபடி எடுத்த படம் ஊரெல்லாம் பரவியது. பெட்ரோகரிபே பணம் எங்கே, அவ்வளவுதான் அட்டையில். வெனிசுலா கடனுக்குக் கொடுத்த எண்ணெயில் வந்த பணம், ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்சிகளின் கை வழியாகப் போன பணம். அந்த அட்டையைப் பார்த்து நீ எந்தக் கட்சி என்று கேட்க வழியில்லை. அந்தக் கேள்வியோடு ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

நேற்று சாயந்திரம் அந்த இருபதடியை டேப் வைத்து அளந்தேன். பத்தொன்பதரை. வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதி, தெருவில் முப்பத்தோரு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். மேலே முதல் வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வீட்டில்தான் இருப்பார். போய், "மாமா, நம்ம ஆட்சிதானே, நீங்க முதல்ல போடுங்க" என்று நீட்டப்போகிறேன்.