கரைப்பேச்சு தெரிந்த குரல்

ஒலிநூல் வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கச் செயலிகளில் ஒரு மாதிரித் துண்டு கிடைக்கும். பெரும்பாலும் அது முதல் அத்தியாயத்தின் தொடக்கமாக இருக்கும். அதை மட்டும் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். நாவலின் தொடக்கத்தில் வருவது விடியற்காலை, தெரு, மழை என்று வர்ணனைதான். நல்ல தொண்டை உள்ள யார் வாசித்தாலும் வர்ணனை இனிக்கும். இரண்டு பேர் வாய்விட்டுப் பேசத் தொடங்கும்போதுதான் குரலின் சாயம் வெளுக்கிறது. அதனால் இலவச நாள்கள் கிடைத்தால் மூன்றாவது அல்லது நான்காவது அத்தியாயத்துக்குப் போங்கள். பேச்சு வரும் இடம் பார்த்துப் பத்து நிமிடம் கேளுங்கள். பேசுகிறவர் யார் என்று பெயர் சொல்லாமலே பிடிபடுகிறதா? ‘என்றான்’, ‘என்றாள்’ வரும்வரை யாருடைய பேச்சு என்று தெரியவில்லை என்றால் அந்த ஒலிநூலை விட்டுவிடலாம்.

ஸ்டோரிடெல், குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம், பிரதிலிபி என்று தமிழில் கேட்பதற்கு இப்போது நிறைய வழி உண்டு. தொண்டியில் இருந்து ராமேஸ்வரம், கீழக்கரை, மூக்கையூர் வரை நீளும் இந்த ராமநாதபுரம் கரைக்கு அது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். கையும் கண்ணும் வேலையில் இருக்க, காது மட்டும் சும்மா இருக்கும் ஆட்கள் இங்கே அதிகம். வலை பொத்துகிறவர், ஓலைப்பெட்டி முடைகிறவர், கருவாட்டைக் காயப்போட்டுவிட்டுக் காவல் இருப்பவர் எல்லாரும் கதை கேட்கலாம். கேட்டுப் பழகிய காதுகளும்தான். கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒரு தலைமுறைக்கே உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை அளவுகோலாக வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாம்பனில் இருந்து ‘கடல் ஓசை 90.4’ சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகிறது. இப்படிப்பட்ட காதுகளிடம் அரைகுறை வாசிப்பு செல்லாது.

முதலில் கவனிக்க வேண்டியது ழகரம். வலி, வளி, வழி மூன்றும் ஒரே மாதிரி ஒலித்தால் கடல் நாவல் பாழ். ‘வளி மாறியது’ என்றால் காற்று திரும்பியது. அதையே ‘வழி மாறியது’ என்று கேட்டுவிட்டால் படகு திசை தப்பியதாக நினைத்துக்கொண்டு அடுத்த பத்து நிமிடம் தவறான கதையைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. தெற்கத்திப் பேச்சில் ‘வாளப்பளம்’தான் இயல்பு. கதை சொல்கிறவர் ழகரத்தைச் சுத்தமாகச் சொல்ல வேண்டும். அதே கதையில் வரும் சம்மாட்டி (படகு முதலாளி) ழகரத்தை அழுத்தித் திருத்தமாகப் பேசினால் அந்த ஆள் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே தடுமாறாமல் மாறி மாறிப் போகத் தெரிந்தவர்தான் நல்ல வாசிப்பாளர். நான் ஒரு குரலை எடைபோடுவது இந்த ஒரு இடத்தில்தான்.

அடுத்தது வட்டாரம். கதையில் கடல் வந்தாலே எல்லாரையும் ‘ஏலே’ போட்டுப் பேசவைக்கும் வாசிப்பு பெருகிவிட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக்கு அது பொருந்தும். ராமநாதபுரத்துக்காரர் ‘வாரேண்டு சொன்னான்’ என்பார், அந்த ‘ண்டு’ இல்லாமல் பேச்சு நிற்காது. கீழக்கரை வீடுகளில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள், அப்பா வாப்பா, அம்மா உம்மா. ‘காக்கா வந்திருக்கிறார்’ என்ற வரியைக் கேலிச் சிரிப்போடு வாசித்தால் அங்கேயே அந்த வீடு இடிந்துவிடும். தொழில் சொற்களும் அப்படியே. ‘இன்னைக்கு என்ன பாடு?’ என்று கரையில் கேட்டால் மீன் எவ்வளவு கிடைத்தது என்று பொருள். துயரம் விசாரிப்பதுபோல் இழுத்து வாசித்தால் அர்த்தமே மாறிவிடும். நீவாடு என்பது கடலின் நீரோட்டம். கச்சான் மேற்கில் இருந்து வரும் காற்று, சோழகம் தெற்கில் இருந்து, கொண்டல் கிழக்கில் இருந்து, வாடை வடக்கில் இருந்து. (இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் நிலக்கடலையும்கூட.) சொல் தெரியாதவர் அந்தச் சொல்லுக்கு முன் மூச்சை நிறுத்துவார். உன்னிப்பாகக் கேட்டால் அந்தச் சிறு தயக்கம் பிடிபடும்.

எந்தக் கதையைக் காதால் கேட்பது, எதைக் கண்ணால் படிப்பது? என் கருத்து இதுதான்: வாரம் ஒரு அத்தியாயமாகப் பத்திரிகையில் வந்த கதை காதுக்கு ஏற்றது. அத்தியாயத்தின் தலையில் முன்கதை நினைவூட்டல் இருக்கும், வாலில் கொக்கி இருக்கும். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை அப்படித்தான் வந்தது. 2022-லும் 2023-லும் படம் வந்தபிறகு அதைக் காதால் கேட்கத் தேடுகிறவர்கள் பெருகினார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். அதனால்தான் ஒரே கதைக்கு இத்தனை குரல்கள். ஒருவரே முழுதும் வாசித்தது, பலர் சேர்ந்து நாடகமாக நடித்தது, கதைச் சுருக்கம் என்று மூன்று வகை உண்டு. மூன்றாவதைப் பலர் முழு நூல் என்று நம்பி ஏமாறுகிறார்கள். கண்டுபிடிக்க எளிய வழி அத்தியாய எண்ணிக்கை. ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம், கடைசிப் பாகமான தியாகச் சிகரத்தில் மட்டும் 91. பட்டியலில் அது குறைந்தால், பல அத்தியாயங்களை ஒரே பதிவாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்க்கவில்லை என்றால் வெட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கதையின் ஓடக்காரப் பெண் பூங்குழலி படகு வலிக்கும் பகுதிகளுக்கு ஒற்றைக் குரல்தான் எனக்குப் பிடிக்கும். நாடகப் பதிவுகளில் அலைச் சத்தத்தைப் பின்னால் ஓடவிட்டுவிடுகிறார்கள். கடற்கரையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு வெளியிலும் அலை, உள்ளேயும் அலை, நடுவில் வசனம் மூழ்கிப்போகிறது.

சு. வெங்கடேசனின் வேள்பாரியும் விகடனில் தொடராக வந்ததுதான், வேகமும் உண்டு. ஆனால் குலங்கள், ஊர்கள், செடி கொடிகள் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வரும். காதால் கேட்பவர் முதல் பத்து அத்தியாயத்துக்கு ஒரு தாளில் பெயரையும் உறவையும் எழுதிக்கொண்டே வர வேண்டும். அரைப் பக்கம் போதும். அது இல்லாமல் கேட்டவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

குற்றப் புனைவு வேறு வகைச் சிக்கல். ராஜேஷ்குமார் வகைப் பாக்கெட் நாவல்கள் காதுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி: பாத்திரம் குறைவு, பேச்சு அதிகம், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். துப்பு மட்டும் ஒரே வரியில் கடந்துபோய்விடும். அச்சில் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம், காதில் அது முடியாது. எனவே பின்தள்ளும் பொத்தானைச் செயலியின் அமைப்பில் 30 விநாடிக்கு மாற்றி வையுங்கள். 10 விநாடி போதாது, ஒரு முழு உரையாடல் அதற்குள் அடங்காது.

ஜோ டி குரூஸின் ஆழிசூழ் உலகு, 2013-ல் சாகித்திய அகாதமி விருது பெற்ற கொற்கை, இரண்டும் கண்ணுக்குக் கடினம் என்று புத்தகத் திருவிழாவில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள். அது பேச்சுமொழியின் எழுத்துருவம் தரும் கடினம். ஐம்பது பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எழுத்துக்கூட்டத் திணறிய சொற்கள் காதுக்கு வந்ததும் தெரிந்த சொற்களாகிவிடும். இத்தகைய நாவலுக்குக் கதை நடக்கும் கரையிலேயே பிறந்த வாசிப்பாளர் வேண்டும். சென்னை ஸ்டுடியோவில் மெருகேறிய குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் உதவாது. பெருநாழிக்காரரான வேல ராமமூர்த்தியின் குற்றப் பரம்பரைக்கும் இதே நியாயம்தான், அங்கே வேண்டியது கமுதிப் பக்கத்துப் பேச்சு.

மு. ராஜேந்திரனின் காலா பாணியை மட்டும் கண்ணால் படியுங்கள் என்பேன். 2022-ம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றது. 1801 போருக்குப் பின் சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் உடனிருந்தவர்களும் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்ட கதை. நம் சீமைக்காரர்கள் படித்தே ஆக வேண்டிய நாவல். தேதி, ஊர், ஆள் என்று நின்று நின்று போக வேண்டிய எழுத்து அது. பக்கத்தில் வரைபடம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

செயலிகளுக்காகவே எழுதப்படும் நூற்றுக்கணக்கான பகுதிகள் கொண்ட தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகுதிக்கு இவ்வளவு காசு என்று வந்தபின் கதையை நீட்டத்தான் தோன்றும். 20-ஆம் பகுதியைக் கேட்டுவிட்டு 35-க்குத் தாவிப் பாருங்கள். கதை தடையில்லாமல் புரிந்தால் நடுவில் இருந்த 14 பகுதியும் சக்கை.

வேகம். 20 மணி நேர நூலை 1.25 மடங்கில் கேட்டால் 16 மணி நேரம், 1.5 மடங்கில் 13 மணி 20 நிமிடம். தமிழுக்கு 1.25-ஐத் தாண்ட வேண்டாம். குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பும் பொருளைத் தாங்கும் மொழி இது. வேகம் கூடினால் ‘படு’வும் ‘பட்டு’ம், ‘பல’வும் ‘பால’வும் நெருங்கிவிடும். வட்டார வழக்கு உள்ள நாவலுக்கு 1 மடங்கே சரி.

தீவுப் பக்கம், குறிப்பாகத் தனுஷ்கோடிச் சாலையில், சிக்னலை நம்பி நேரலையில் கேட்கக் கூடாது. வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 28.8 எம்பி, 20 மணி நேர நூலுக்கு 576 எம்பி. 128-ல் அது இரண்டு மடங்கு. பேச்சுக் குரலுக்கு 64 தாராளம், பின்னணி இசை உள்ள நாடகத்துக்கு மட்டும் 128 எடுங்கள். சந்தா முடிந்தால் இறக்கியதும் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிவே இல்லாத நூல்களுக்குக் கைப்பேசியின் வாசித்துக்காட்டும் வசதி உதவும். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பு யூனிகோடில் இருக்க வேண்டும். பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப்பை இயந்திரம் அப்படியே வாசிக்காது, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வாசித்தால் குப்பையாக ஒலிக்கும். சரியான கோப்பிலும் ஒரு பிழை தீராது: தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப வன்மையா மென்மையா என்று குறி கிடையாது. ‘பாவம்’ இரக்கமா, முகபாவமா என்பதை மனிதர் இடம் பார்த்துச் சொல்வார், இயந்திரம் ஊகிக்கும். ‘தர்கா’வின் முதல் எழுத்தை வன்மையாக உச்சரித்துவிடும். கட்டுரைக்கு இந்தக் குரல் போதும். நாவலுக்கு இன்னும் போதாது, பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

யூடியூபில் வாழும் எழுத்தாளர்களின் நாவல்களை அனுமதி இல்லாமல் முழுதாக வாசித்துப் போடுகிறார்கள். அதைக் கேட்காதீர்கள். எழுதியவருக்கு ஒரு காசு போகாது. நல்ல வாசிப்பாளரை வைத்து முறையாகப் பதிவு செய்ய நினைக்கும் பதிப்பகத்தின் கையையும் அது கட்டிப்போடுகிறது.

உப்புக்காற்று ஹெட்செட்டை அரிக்கும். கேட்டு முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். சார்ஜ் துளையில் ஈரம் இருக்கும்போது சார்ஜ் போட்டால் உள்ளே இருக்கும் உலோகம் பச்சை பிடித்துவிடும். வலை பொத்தும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். கடலுக்குப் போகும்போது வேண்டவே வேண்டாம். இன்ஜின் சத்தத்தை மீறி வால்யூமை ஏற்றினால் காது கெடும், பக்கத்துப் படகில் இருந்து கூப்பிடுவதும் கேட்காது.

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வலைக்கு முன் உட்காரும் நேரத்தில் தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் 122 மணி நேரம். நாவலின் ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். 300 பக்க நாவல் பத்து பன்னிரண்டு மணி நேரம், அதாவது ஐந்தாறு நாள் வேலை. தொடங்குகிறவர்கள் இரண்டு பாக்கெட் நாவலில் காதைப் பழக்கிவிட்டுப் பொன்னியின் செல்வனின் முதல் இரண்டு பாகத்துக்குப் போகலாம். இரண்டாம் பாகமான சுழற்காற்றில்தான் கோடிக்கரையில் இருந்து இலங்கைக்குப் படகு போகிறது, புயலும் வருகிறது. அந்த அத்தியாயங்களை வலை பொத்தும் கூட்டத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் கேளுங்கள். காற்றும் கடலும் கதையில் எங்கே சரியாக வந்திருக்கின்றன, எங்கே பிசகியிருக்கின்றன என்று பக்கத்தில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.