பொன்னும் பருக்கைக் கல்லும்: திருப்புகலூரில் ஒரு நாள்

திருப்புகலூருக்கு வருகிற பலர் கையில் செங்கல் இருக்கும். வீடு கட்டத் தொடங்குமுன் அக்னிபுரீஸ்வரர் சந்நிதியில் வைத்துப் பூஜை செய்து எடுத்துப் போனால் வேலை தடங்கலில்லாமல் முடியும் என்பது நம்பிக்கை. நாங்கள் போன அன்றும் ஒரு குடும்பம் செங்கற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கையில் உழவாரமும் மண்வெட்டியும் கூடையும். மாதம் ஒரு கோயில் என்று, புல் செதுக்கிச் சுத்தம் செய்யும் உழவாரப் பணிக்குப் போகிற குழு எங்களுடையது. இந்த முறை தேவாரம் பாடிய அப்பர் சுவாமிகள் முக்தியடைந்த தலம்.

நன்னிலத்திலிருந்து நாகப்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது ஊர். கோயிலை அகழி மாதிரிச் சூழ்ந்து கிடக்கிறது அக்னி தீர்த்தம். மூலவர் சற்றே சாய்ந்திருப்பதால் கோணப்பிரான் என்றும் பெயர். அம்பாள் கருந்தார்குழலி. தரிசனம் முடித்துவிட்டு வெளிப் பிராகாரத்தில் இறங்கினோம்.

உழவாரம் பிடிக்கக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். நீளக் காம்பு, நுனியில் தட்டையான இரும்புத் தகடு. தகட்டைத் தரையோடு படுக்கவைத்துத் தள்ள வேண்டும். நிமிர்த்திக் குத்தினால் கல்லும் சில்லுப் பெயரும், தோள் வரைக்கும் அதிரும். அருகம்புல் இதற்கெல்லாம் அசராது. மேலே சீவிவிட்டுப் போனால் ஒரு மழைக்குத் திரும்ப எழுந்துவிடும். கல் இடுக்குக்குள் ஓடும் வேரை விரலால் தேடி, இழுத்து, அறுபடாமல் எடுக்க வேண்டும். அரசங்கன்று இன்னும் மோசம். சுவர் இடுக்கில் சுண்டுவிரல் அளவுக்கு நிற்கும், விட்டுவைத்தால் கருங்கல்லையே நெம்பித் தள்ளிவிடும். வெயில் ஏறிய பிறகு உள்ளங்கை எரிய ஆரம்பித்தது. பேச்சு தானாகவே குறைந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“முட்டி வலிக்கலையாம்மா?” என்றேன்.

“வீட்டுல சும்மா உக்காந்தாலும் வலிக்கத்தான் செய்யுது தம்பி. இங்க வலிச்சா புல்லாவது போகுதுல்ல” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அப்பர் இதே வேலையை இதே ஊரில் முதிர்ந்த வயதில் செய்தார் என்பது அங்கே குனிந்து நிற்கும்போதுதான் உறைக்கிறது. 81 வயது வரை இருந்தார் என்பது மரபு. அரசன் ஆட்கள் அவரை நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கயிலையைக் காண வேண்டும் என்று கால் தேய, கை தேய, மார்பால் ஊர்ந்தும் போனவர். ‘போதும் சாமி, இனி ஒரு மடத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவரோ உழவாரத்தோடு இங்கே புல் செதுக்கிக்கொண்டிருந்தார். செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னின என்கிறது பெரியபுராணம். பருக்கைக் கல்லையும் அதையும் ஒன்றாகவே பார்த்து, உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாராம். நானாக இருந்தால் ஒன்றிரண்டையாவது மடியில் முடிந்திருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அப்பர் பொன்னை எறிந்த இதே கோயிலில்தான் சுந்தரர் பொன்னைக் கேட்டு வாங்கினார். திருவாரூரில் பங்குனி உத்திரத்துக்கு அவர் மனைவி பரவையாருக்குப் பொன் தேவைப்பட்டது. இங்கே வந்து செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தார், விழித்தபோது அது பொற்கல்லாக இருந்தது. இன்றைய செங்கல் பூஜைக்கு வேர் அந்தக் கதைதான். ஒருவர் எறிகிறார், ஒருவர் கேட்கிறார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று முன்பெல்லாம் குழம்புவேன். இப்போது எனக்குப் படுவது இதுதான்: சுந்தரர் கேட்டது விழாவில் வாரிக் கொடுப்பதற்கு. அப்பருக்குக் கையில் வேலை இருந்தது, பொன் அதற்கு இடைஞ்சல். தன் வாழ்க்கை சொகுசாக வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

செங்கல் கொண்டுவருகிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? அந்தக் குடும்பத்தின் வீடு நல்லபடியாக எழும்பட்டும். ஆனால் நம்மில் பலருக்குச் சாமியிடம் பேச இருப்பதே கோரிக்கைப் பட்டியல்தான். ஒன்று முடிந்ததும் அடுத்தது வந்துவிடுகிறது, அதற்கு ஓய்வே கிடையாது. பணி செய்கிறவர்களிடம் வேறு ஒரு நிம்மதியைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் கடன் இருக்கிறது, சர்க்கரை நோய் இருக்கிறது, பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இருக்கிறார்கள். எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ‘நான் எதற்கு இருக்கிறேன்’ என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு பதில் இருக்கிறது.

போகிறவர்கள் அதே வளாகத்தில் உள்ள வர்த்தமானீச்சரத்தையும் விட்டுவிடாதீர்கள். அது முருக நாயனார் தொண்டு செய்த சந்நிதி. பூப்பறித்து, மாலை கட்டி, சார்த்தினார், அவ்வளவுதான் அவர் செய்தது. அதற்கே அறுபத்து மூவரில் ஒருவர். சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூஜை, அப்போது போனால் கூட்டமும் தேவாரமுமாக ஊரே களைகட்டும்.

மதியம் புளிசாதம், தயிர்சாதம். அப்புறம் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தோம். அடுத்த மாதம் போகிற கோயிலில் பிராகாரம் இதைவிடப் பெரிதாம். இரண்டு உழவாரங்களுக்குக் காம்பு ஆட்டம் கண்டுவிட்டது. அதற்குள் தச்சரிடம் கொடுத்து மாற்ற வேண்டும், அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.