நோட்டுப் புத்தகங்களோடு வாருங்கள்

வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராகப் பணிபுரியும் எனக்கு, அறிவு இருந்தும் எழுதவும் படிக்கவும் தடுமாறும், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கட்டத்தில்தான் அறிமுகமாகிறார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், மொழிப்பாட விலக்கும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அதற்கான மருத்துவச் சான்றிதழைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. ஆனால் அதே சட்டம், இக்குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்கும் பொறுப்பையும் கல்வி நிறுவனங்களிடம் ஒப்படைத்திருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் அரிது. எட்டு வயதில், மூன்றாம் வகுப்பில் தொடங்கியிருக்க வேண்டிய உதவி, தேர்வு அறையின் வாசலில்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.

இத்தனைக்கும் அறிகுறிகள் வீட்டிலேயே இருக்கின்றன. 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று எழுதி, துணைக்காலை ஒவ்வொரு முறையும் விட்டுவிடும் பிள்ளை. பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, அதே சொல் வேறொரு பக்கத்தில் வரும்போது திகைத்து நிற்கும் பிள்ளை. கதையைக் கேட்டால் நுட்பமாக விடை சொல்லி, எழுதச் சொன்னால் இரண்டு வரியில் சோர்ந்துவிடும் பிள்ளை. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் உடன் படித்தவர்கள் மொட்டு, மலர் என்று நகர்ந்த பின்னும் அரும்பு நிலையிலேயே நிற்கும் பிள்ளையை, மெல்லக் கற்பவர் என்று குறித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். ஆகவே, பழைய நோட்டுப் புத்தகங்களை எடைக்குப் போடாமல் ஆண்டு வாரியாக வைத்திருக்கும்படி தாய்மார்களிடம் வற்புறுத்துகிறேன். தன் பிள்ளையின் பிழைகள் ஆண்டுதோறும் ஒரே வகையாகத் தொடர்வதை ஒரு தாய் மேசையில் விரித்துக் காட்டும்போது, "வீட்டில் படிக்க வைப்பதில்லை" என்ற குற்றச்சாட்டுக்கு அங்கே இடமிருப்பதில்லை.

தந்தையர் தயங்குவது வேறு காரணத்தால். "பையனுக்கு மூளை நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஊனம்னு எதுக்கு எழுதணும்?" என்று கேட்பவரிடம் நான் கோபப்படுவதில்லை, அவர் சொல்வதன் முதல் பாதி முழு உண்மை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள இடர்ப்பாடு அறிவுக்குறைவன்று என்பதையும், சான்றிதழுக்கான மதிப்பீட்டில் நுண்ணறிவுச் சோதனை சேர்க்கப்பட்டிருப்பது அந்த இரண்டையும் பிரித்தறிவதற்கே என்பதையும் பொறுமையாக விளக்குகிறேன். பெண் குழந்தையானால் திருமணப் பேச்சு வரை அச்சம் நீள்கிறது. அதற்கு ஒருநாள் பேச்சு போதாது.

பள்ளியிடம் கேட்பதை வாய்மொழியாக விட்டுவிடாமல், தலைமையாசிரியருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிவிடுங்கள் என்றும் சொல்கிறேன். கடிதம் இருந்தால் பேச்சு தொடர்கிறது. இல்லையேல் ஒவ்வொரு ஜூனிலும் புதிய வகுப்பாசிரியரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோர்வைக் குறைக்கவே, பிள்ளையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் பெற்றோர் கையில் கொடுக்கிறேன்: எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம், கரும்பலகையைப் பார்த்து எழுதக் கூடுதல் நேரம் தர வேண்டும், வினாவை வாசித்துக் காட்டினால் விடையைத் தானே சொல்வான்.