கர்ப்பப்பை லேபுக்குப் போகும் வழி

எண்டோமெட்ரியம் புற்றுநோயை, அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோயை, 2013-ல் வெளியான அமெரிக்காவின் டி.சி.ஜி.ஏ. (புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம்) ஆய்வு நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரித்தது. பத்தே வருடத்தில் அது, நோய் எந்த நிலை என்று சொல்லும் 2023 ஃபிகோ (சர்வதேச மகளிர் மருத்துவ, மகப்பேறு கூட்டமைப்பு) நிலைப்படுத்தலுக்குள்ளும் வந்துவிட்டது. வகை பிரிக்க மூன்றைப் பார்க்கிறோம்: கட்டியை அடக்கும் பி53 புரதம், டி.என்.ஏ. பிழை திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள், டி.என்.ஏ. நகலெடுக்கும் போல்-ஈ மரபணு. முதல் இரண்டையும் ஆன்டிபாடி சாயம் (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி நிறம் காட்டுவது) போட்டுப் பார்க்கலாம். போல்-ஈ மட்டும் டி.என்.ஏ. வரிசை பார்க்க வேண்டியது. இந்த மூன்றைப் பற்றியும் கருத்தரங்குகளில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அந்தத் திசு தண்டையார்பேட்டை நர்சிங் ஹோமிலிருந்து எந்த டப்பாவில், எதில் ஊறிக்கொண்டு, எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

ஸ்டான்லி மாதிரி கல்லூரி மருத்துவமனை என்றால் திசுவைச் சோதிக்கும் பேத்தாலஜி துறை அதே வளாகத்தில் இருக்கும். சின்ன நர்சிங் ஹோமில் கதை வேறு. "இதை லேப்ல குடுத்துட்டு ரசீது வாங்கிட்டு வாங்க சார்" என்று நோயாளியின் வீட்டுக்காரர் கையில் டப்பாவைக் கொடுத்துவிடுவார்கள். அவர் அதை ஒரு பையில் போட்டு, டி.எச். ரோடு நெரிசலில் ஆட்டோவில் போவார். லேப் மூடியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் வருவார். டப்பாவுக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் சரியான பார்மலின் போதுமான அளவு இருந்தால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. சலைன் (உப்புநீர்) என்றால், மே மாத வெக்கையில் திசு தன்னைத்தானே செரித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். ஸ்பிரிட் என்றால் அழுகாது, ஆனால் சுருங்கி விறைத்துவிடும். ஆன்டிபாடி முறைகளெல்லாம் பார்மலினில் ஊறிய திசுவுக்காக நிர்ணயித்தவை. ஸ்பிரிட்டில் வந்ததற்கு அவை தரும் விடையை நம்ப முடியாது.

சரியான பார்மலின் என்றால் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு பார்மலின். கடையில் வரும் 37-40 சதவீத திரவம் 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பி.எச். 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உப்பு போடாமல் குழாய்த் தண்ணீரை மட்டும் கலந்து "பத்து பர்சென்ட்" என்று எழுதி வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அது நாள்பட அமிலமாகும். ரத்தம் அதிகம் உள்ள திசுவில் கறுப்பு-பழுப்புப் பொடி மாதிரி பார்மலின் நிறமி படியும், டி.என்.ஏ.வும் துண்டு துண்டாகும்.

அளவு, திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு. சாதாரண கர்ப்பப்பை ஏறக்குறைய 100 கிராம் வரும், அதற்கே ஒரு லிட்டர் வேண்டும். ஃபைப்ராய்டோடு அரைக் கிலோ என்றால் மூடி போட்ட வாளிதான். வாய் குறுகிய பாட்டிலில் பச்சையாக அமுக்கித் திணித்தால் உள்ளே போய்விடும். மறுநாள் விறைத்த பிறகு வெளியே வராது, வந்தாலும் பாட்டிலின் வடிவத்தில் வரும். பெயரையும் எண்ணையும் மூடியில் எழுதாதீர்கள். இரண்டு டப்பா பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தால் மூடி மாறும். டப்பாவின் உடம்பில் ஒட்டிய லேபிள் மாறாது.

இனி முக்கியமான விஷயம்: கர்ப்பப்பையைத் திறப்பது. பார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் உள்ளே போகும், ஆழம் கூடக்கூட அதுவும் மந்தமாகும். கர்ப்பப்பைச் சுவரோ 1.5 முதல் 2 செ.மீ. தடிப்பு. திறக்காமல் போட்டால் வெளித்தசை அழகாகக் கெட்டியாகும். நமக்கு வேண்டிய உள்சவ்வு நடுவில் வெதுவெதுப்பாக உட்கார்ந்து கூழாகும். எண்டோமெட்ரியம் வேகமாகக் கெடும் திசு. மறுநாள் கத்தி வைத்தால் கட்டி விளிம்பில்லாமல் சொதசொதவென்று வரும். சுரப்பிகள் தசையிலிருந்து கழன்று நிற்கும், நியூக்ளியஸ் எல்லாம் மசமசவென்று ஒரே மாதிரி தெரியும். அதில் கிரேடு (கட்டியின் தீவிரம்) சொல்வதும் மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்) எண்ணுவதும் ஊகம்தான்.

திறக்கும் முறை ஒன்றும் கஷ்டமில்லை. முன்பக்கம் எது என்று முதலில் பாருங்கள்: பெரிட்டோனியம் (வெளியே போர்த்திய மெல்லிய சவ்வு) பின்பக்கத்தில் கீழே வரை இறங்கும், ரவுண்ட் லிகமென்ட் என்ற நார் சினைக்குழாய்க்கு முன்னால் இருக்கும், சினைப்பை பின்னால். கர்ப்பப்பை வாயில் கத்தரிக்கோலை விட்டு, கடிகார முகம் போல் பார்த்தால் 3 மணி, 9 மணி பக்கங்களில் மேலே சினைக்குழாய் சேரும் கார்னு மூலை வரை வெட்டி, முன், பின் என்று இரண்டு பாளமாக விரியுங்கள். நடுவில் ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர் அல்லது துணி. உள்சவ்வை விரலால் தேய்த்துப் பார்க்கக் கூடாது, குழாயடியில் கழுவக் கூடாது. ஒரு எச்சரிக்கை: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ராடிக்கல் அறுவை என்றால் தியேட்டரில் யாரும் கத்தி வைக்க வேண்டாம். பாராமெட்ரியத்துக்கும் (கர்ப்பப்பையை ஒட்டிய பக்கத் திசு) வெஜைனல் விளிம்புக்கும் மை தடவிய பிறகே வெட்ட வேண்டும், அது லேபின் வேலை. உடனே அனுப்பினால் போதும். மற்றதற்கு, யார் திறப்பது என்று சர்ஜனும் லேபும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

திறந்த பாளங்கள் 24 முதல் 48 மணி நேரம் ஊறட்டும். ரத்தம் கலந்து கலங்கினால் பார்மலினை மாற்றுங்கள். 72 மணியைத் தாண்டினால் வேறு தொல்லை, அதற்குப் பிறகு வருகிறேன். கிராசிங்கில், அதாவது கண்ணால் பார்த்துத் துண்டு போடும்போது, கட்டி உதிரக்கூடியதாக இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தியே கட்டித் துணுக்குகளை ரத்தக் குழாய்களுக்குள் இழுத்து வைக்கும். ஃபிகோ 2023-ல் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்களில் கட்டி இருந்தால் அது கணிசமான ஊடுருவல், நிலையே மாறும். கத்தி இழுத்து வைத்ததை நோய் என்று எண்ணிவிடக் கூடாது. குழாயின் உள்வரிச் செல்களோடு ஒட்டாமல் அந்தரத்தில் கிடக்கும் துணுக்கு, பக்கத்துப் பெரிய விரிசல்களிலும் அதே துணுக்கு என்றால் சந்தேகப்படுங்கள்.

சினைக்குழாய்க்கு வந்தால், சினைப்பைப் புற்றுநோய் என்று சொல்லப்படும் தீவிர வகையான ஹை-கிரேடு சீரஸ் புற்றுநோயில் பெரும்பகுதி சினைப்பையில் அல்ல, குழாயின் நுனியில் உள்ள ஃபிம்ப்ரியாவில்தான் ஆரம்பிக்கிறது என்பது இப்போது நிலைபெற்ற கருத்து. பரம்பரையாகப் புற்றுநோய் அபாயம் தரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பிறழ்வுக்காக முன்னெச்சரிக்கையாக எடுத்த குழாயில் அந்த ஆரம்பப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. கடைசி 2 செ.மீ.யைத் துண்டித்து நீளவாக்கில் நான்காக, மீதியை 2-3 மி.மீ. இடைவெளியில் குறுக்காக, முழுவதையும் கேசட்டில் (துண்டுகளுக்கான சின்ன பிளாஸ்டிக் கூடு) போட வேண்டும். தியேட்டரில் காஸ் துணியால் ஒற்றி ரத்தம் துடைத்தால் அந்த ஒற்றை வரிசைச் செல் படலம் (எபிதீலியம்) துணியோடு போய்விடும்.

ஊறிய துண்டை ஆல்கஹாலில் போட்டு ஈரம் நீக்கி, சைலீனில் போட்டு, மெழுகு ஏற்றி பிளாக்காக்குவோம். இதில் கடலை ஒட்டிய ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. அப்சொல்யூட் ஆல்கஹால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் மூடி சரியில்லாத ஜாரில் அது வெகுநாள் அப்சொல்யூட்டாக இருக்காது. கடைசி ஜாரில் ஈரம் இருந்தால் சைலீன் கலங்கும், மெழுகு உள்ளே ஏறாது, பிளாக்கின் நடு குழியும். பழைய வைத்தியம் இன்றும் சரி: ஜாரின் அடியில் நீரற்ற காப்பர் சல்பேட்டைப் பரப்பி ஃபில்டர் பேப்பரால் மூடி வையுங்கள். வெள்ளையாக இருப்பது நீலமானால் ஆல்கஹாலை மாற்ற வேண்டியதுதான். துண்டின் தடிப்பு 3-4 மி.மீ.க்கு மேல் போகவே கூடாது. கேசட் மூடி அமுங்கினால் தடிப்பு அதிகம் என்று அர்த்தம்.

இதெல்லாம் எங்கே கை வைக்கிறது என்றால், ரிசல்ட் படிக்கும் இடத்தில். பி53 சாயத்தில் கட்டிச் செல் ஒன்றுமே ஏற்காவிட்டால் அது 'நல்' வகை, பிறழ்வு என்று கணக்கு. எம்.எம்.ஆர். புரதங்களில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் சேர்ந்து காணாமல் போனால் எம்.எல்.எச்.1 புரொமோட்டர் மெத்திலேஷன் (பெரும்பாலும் பரம்பரை இல்லாமல் அந்த மரபணு அணைந்துபோவது) பார்க்கச் சொல்லுவோம், எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 போனால் லிஞ்ச் சிண்ட்ரோமாக (பரம்பரைப் புற்றுநோய்ப் போக்கு) இருக்கலாம் என்று குடும்பத்தையே மரபணு ஆலோசனைக்கு அழைப்போம். கெட்டுப்போன நடுப்பகுதித் திசுவும் இதே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். வித்தியாசம் காட்டுவது பக்கத்தில் இருக்கும் சாதாரணச் செல்கள்: ஸ்ட்ரோமா (தாங்குதிசு) செல், லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு). அவை பழுப்பாக ஏற்றிருந்து கட்டி மட்டும் வெறுமையாக இருந்தால் இழப்பு உண்மை. அவையும் வெறுமை என்றால் சோதனையே தோற்றது. "நெகடிவ்" என்று எழுதாதீர்கள், விளிம்பில் நன்றாக ஊறிய வேறு பிளாக்கை எடுத்துத் திரும்பப் போடுங்கள். அதனால் ஆராய்ச்சிக்கு பிளாக் தேர்ந்தெடுக்கும்போது கட்டி அதிகம் உள்ளதை மட்டும் பார்த்தால் போதாது. கட்டியும் சாதாரணத் திசுவும் ஒரே பிளாக்கில் இருப்பதுதான் வேண்டும்.

மேலே விட்ட 72 மணி விஷயம். பார்மலினில் நெடுநாள் கிடந்த திசுவில் டி.என்.ஏ.வின் 'சி' எழுத்தான சைட்டோசின், யூரசிலாக மாறும். சீக்வென்சிங் கருவி அதை 'சி' போய் 'டி' வந்த பிறழ்வு என்று படிக்கும். போல்-ஈ பார்க்கும்போது குறைந்த விகிதத்தில் இப்படி நிறைய வந்தால், யூரசிலை நீக்கும் என்சைமான யூரசில் டி.என்.ஏ. கிளைகோசிலேஸ் போட்டு மறுபடி செய்து பார்க்க வேண்டும். வெட்டும்போதும் ஒரு பிளாக்குக்கு ஒரு பிளேடு முனை. மாற்றாமல் அடுத்த நோயாளியின் பிளாக்கை வெட்டினால் இரண்டு பேருடைய டி.என்.ஏ.வும் ஒரே சோதனைக் குழாயில். கட்டி இருக்கும் இடத்தை எச் அண்ட் ஈ (வழக்கமான சாயம்) ஸ்லைடில் பேனாவால் வட்டமிட்டு, 10 மைக்ரான் வெட்டுகளில் அந்தப் பகுதியை மட்டும் சுரண்டி எடுங்கள்.

மீந்த திசுவை ஆராய்ச்சிக்கு எடுக்க எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை அதை விவரமாகச் சொல்கிறது. வருங்கால ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா என்ற வரியை ஒப்புதல் படிவத்தில் தமிழில், தனியாக வையுங்கள். ஆபரேஷனுக்குப் போகும் அவசரத்தில் மற்ற கையெழுத்துகளோடு சேர்த்து வாங்காதீர்கள்.

இரண்டாவது கருத்துக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு: ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடும் பிளாக்கும் கேட்டு வாங்குங்கள். பிளாக்கில் பொறித்த எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், மெழுகு இளகிக் கவரோடு ஒட்டிக்கொள்ளும்.